பந்தயத்துக்குப் பிறகு இருபது வருடம்: தேறிய குதிரையை யார் கையில் கொடுப்பது?

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தோரோபிரெட் இனக் குதிரை இரண்டு வயதிலேயே பந்தயத்தில் ஓட ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு வயதுகூடப் பல சமயம் முழுசாக இரண்டு இருக்காது, ஏனென்றால் வட அரைக்கோளத்தில் பிறக்கும் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1, தென் அரைக்கோளத்தின் பல நாடுகளில் ஆகஸ்ட் 1 என்று ஒரே நாளில்தான் வயது கூடும். மே மாதம் பிறந்த குட்டியும் அடுத்த ஜனவரியில் ஒரு வயதுக் குதிரை ஆகிவிடும். அங்கிருந்து மூன்று நான்கு வருடம் ஓடும், நன்றாக ஓடினால் இன்னும் கொஞ்சம். பத்து வயதுக்குள் பெரும்பாலான குதிரைகளின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஆயுசு இருபத்தைந்து வருடத்துக்கு மேல். ஐந்து வயதில் வெளியே வரும் குதிரைக்கு இன்னும் இருபது வருட வாழ்க்கை பாக்கி இருக்கிறது, அந்த இருபது வருடத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பந்தய உலகம் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை.

யோசிக்க வைத்தவை சில சாவுகள். ஃபெர்டினான்ட் என்ற குதிரை 1986இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்றது, மறுவருடம் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்று அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டத்தையும் வாங்கியது. பிறகு இனவிருத்திக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, அங்கே அதற்குத் தேவை குறைந்ததும் கைமாறி, கடைசியில் 2002 வாக்கில் இறைச்சிக் கூடத்தில் முடிந்துபோனது என்ற செய்தி 2003இல்தான் வெளியே வந்தது. அதற்கு முன்பே, 1997இல், எக்ஸெல்லர் என்ற குதிரைக்கு ஸ்வீடனில் இதே கதி. 1978இல் ஜாக்கி கிளப் கோல்டு கப்பில் சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்ட் என்று டிரிபிள் கிரவுன் (ஒரே வருடத்தில் மூன்று பெரிய பந்தயங்களை ஜெயிக்கும் பெருமை) வென்ற இரண்டு குதிரைகளை ஒரே பந்தயத்தில் பின்னுக்குத் தள்ளிய குதிரை அது. இவ்வளவு பெயர் வாங்கிய குதிரைகளுக்கே இப்படி என்றால், பேர் தெரியாத குதிரைகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலேயே தோரோபிரெட் ரிடயர்மென்ட் ஃபவுண்டேஷன் ஆரம்பித்து, நியூயார்க் மாநிலத்தின் வால்கில் சிறைச்சாலையில் கைதிகளே ஓய்வு பெற்ற குதிரைகளைப் பராமரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 2000இல் ரீட்ரெய்னிங் ஆஃப் ரேஸ்ஹார்சஸ் என்ற அமைப்பு வந்தது. 2012இல் அமெரிக்காவில் தோரோபிரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ் உருவாகி, மறுவாழ்வு மையங்களைச் சோதித்து அங்கீகாரமும் பண உதவியும் கொடுக்கிறது. காயம் ஆற்றி, உடம்பு தேற்றி, புதுப் பயிற்சி கொடுத்து, நல்ல இடம் பார்த்து அனுப்பும் மையங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன.

ஆனால் ஃபெர்டினான்ட் கதையில் நான் திரும்பத் திரும்ப நிற்கும் இடம் அந்த இறைச்சிக் கூடம் இல்லை, அதற்கு முன்னால் நடந்த கைமாற்றங்கள். எந்த ஒரு நாளிலும் யாரும் உட்கார்ந்து இந்தக் குதிரையைக் கொல்லலாம் என்று முடிவெடுத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் குதிரையைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், அதன் விலையும் குறைந்துகொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் அது யாருக்கும் எதுவும் இல்லாத ஒரு பிராணி ஆகிவிடுகிறது. மறுவாழ்வு மையத்தில் நன்றாகத் தேறிய குதிரைக்கும் இதே பாதை திறந்தேதான் இருக்கிறது. மையத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வாசலைத் தாண்டி வேறொருவர் கைக்குப் போகிற அந்த நாளும் அதை ஒட்டிய ஆறேழு மாதமும்தான் இந்த முழு வேலையிலும் ஆபத்தான பகுதி. அதற்குத்தான் நாம் குறைவாக நேரம் செலவழிக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

முதலில், ஒரு குதிரை தேறிவிட்டது என்று மையம் சொன்னால் எதைச் சொல்கிறது என்று பார்க்கலாம்.

காலை எடுத்துக்கொள்வோம். பந்தயக் குதிரைக்கு அதிகமாக அடிபடும் இடங்களில் ஒன்று முன்னங்காலின் பின்பக்கம் ஓடும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஐந்நூறு கிலோ உடம்பின் பாரம் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்த இழுவையில் நார் கிழிந்தால் ஆறுவதற்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வருடம்கூட ஆகலாம். ஆறிய பிறகும் அது பழைய தசைநாண் கிடையாது. தழும்புத் திசு வந்து இடத்தை நிரப்பியிருக்கும், அதற்குப் பழைய நெகிழ்வு வராது, மறுபடி கிழியும் வாய்ப்பும் அதிகம். அதனால் கால் சரியாகிவிட்டது என்பதற்கு, நிதானமான சவாரிக்குச் சரி, உயரத் தாண்டும் போட்டிக்குச் சரியில்லை என்று அர்த்தம் இருக்கலாம். இதை வாங்குபவரிடம் யாராவது உட்கார வைத்து விளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அவர் தடுப்புகளை வரிசையாக நட்டுவைத்துத் தாண்டச் சொல்வார், காலும் போகும்.

அப்புறம் வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் இருபத்து நாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அதைத் தணிக்கிற எச்சில் வாய் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்குப் படைக்கப்பட்ட உடம்பு அது. பந்தய லாயத்திலோ நாளில் பெரும்பகுதி அடைத்துவைத்து, இரண்டு மூன்று வேளை தானியம் கலந்த அடர்தீவனம், அளவான புல், காலையில் கடும் ஓட்டம். வெறும் வயிற்றில் அமிலம் தளும்பத் தளும்ப ஓடுவதால் பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது வரைகூட வயிற்றுப் புண் இருப்பதாக ஆய்வுகளில் வந்திருக்கிறது. கெட்ட குணம் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இந்தப் புண்ணின் வலி. சேணத்தைக் கட்டும் வயிற்றுப் பட்டையை இழுக்கும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வரும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று அடித்துத் திருத்தப் பார்ப்பார்கள். மையத்தில் மருந்து கொடுத்து, எந்நேரமும் மெல்லப் புல் போட்டு, மேய விட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் குணம் மாறிவிடும். புது வீட்டில் புல்லைக் குறைத்து அடைத்துவைத்தால் புண்ணும் திரும்ப வரும், குணமும் திரும்ப வரும். குதிரை சாதுவாக இருந்தது அது வாழ்ந்த விதத்தால், அந்த விதம் புது வீட்டுக்குக் கூடவே வராவிட்டால் சாதுத்தனமும் வராது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாத வீடுகளிலிருந்துதான் ஏமாற்றிவிட்டார்கள், மையத்தில் பார்த்த குதிரையே இல்லை இது என்ற புகார் வருகிறது.

நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்ததன் மிச்சமும் சிலவற்றிடம் இருக்கும். நின்ற இடத்திலேயே தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருப்பது, கதவு விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு காற்றை உள்ளே இழுப்பது. மேய்ச்சல் கிடைத்தால் குறையும், பல குதிரைகளிடம் முழுக்கப் போகாது. வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிட்டுக் கொடுத்தால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான் பிரச்சினை.

இனி ஏறிச் சவாரி செய்கிற விஷயம். இதில்தான் அனுபவசாலிகள்கூடத் தடுமாறுகிறார்கள். சாதாரணச் சவாரிக் குதிரைக்குக் கடிவாள வாரை இழுத்தால் வேகத்தைக் குறை என்று அர்த்தம். பந்தயக் குதிரை வேறு மாதிரி பழகியிருக்கிறது: ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிப்பார், குதிரை வாயிலுள்ள இரும்பின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும், எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு தைரியமாகச் சாய்ந்து ஓடும். பந்தயம் முடிந்ததும் ஜாக்கி எழுந்து நின்று கையைத் தளர்த்துவார், அதுதான் மெதுவாகலாம் என்பதற்கான சைகை. இப்போது பயந்துபோன ஒரு புது ஆள் மேலே உட்கார்ந்திருக்கிறார், குதிரை கொஞ்சம் வேகமெடுக்கிறது, அவர் பயத்தில் வாரைப் பலமாக இழுக்கிறார். குதிரை தனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டுக்கொண்டு இன்னும் வேகமாகப் போகிறது. கீழே விழுந்து எழுந்தவர் குதிரை முரடு என்கிறார், குதிரைக்கோ தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது.

ஏறுவதும் அப்படித்தான். ஜாக்கியை ஒருவர் முழங்காலுக்குக் கீழே பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிவிடுவார், பெரும்பாலும் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே. ஒரு முக்காலியின் பக்கத்தில் ஆடாமல் நின்று, ஒருவர் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) கால் வைத்துத் தன் முழு எடையையும் ஒரு பக்கமாகச் சாய்த்து ஏறி, காலை மறுபக்கம் போட்டு, மெதுவாக உட்காரும்வரை காத்திருப்பது என்பது அதற்குப் புதுசு. முதல் தடவை முக்காலிப் பக்கம் கொண்டுபோனால் குதிரை பின்பக்கத்தை வெளியே தள்ளி வளைந்து நிற்கும், காது ஒன்று மேலே இருக்கும் ஆளையும் இன்னொன்று முன்னாலிருக்கும் கதவையும் பார்க்கும், அங்கவடியில் பாரம் விழுந்தவுடனே கால் எடுத்து வைத்துவிடும், ஏனென்றால் இதுவரை முதுகில் பாரம் விழுந்தால் கிளம்பு என்றுதான் அர்த்தம். நல்ல மையங்களில் இதற்கே பல நாள் செலவழிக்கிறார்கள்: முக்காலிப் பக்கம் நிறுத்து, ஒன்றும் செய்யாதே, கழுத்தைத் தடவு, திருப்பிக் கூட்டிப் போ, மறுநாள் அதன் முதுகின் குறுக்கே வயிறு படச் சாய்ந்து பாரத்தைக் காட்டு, இறங்கு. சவாரி செய்பவரின் கால்கள் இரு பக்கமும் நீளமாகத் தொங்கி விலாவைத் தொடுவதும் அப்படியே, பந்தயத்தின்போது ஜாக்கியின் கால்கள் அவ்வளவு கீழே வருவதே இல்லை. கூட்டமாகவே பயிற்சிக்குப் போய் வந்ததால் தனியாக வெளியே போகவும் பயப்படும். மையம் இதையெல்லாம் பழக்கியிருக்கும், ஆனால் அங்கே இரண்டு மூன்று கைகளுக்குத்தான் பழகியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வண்டியில் ஏற்றுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பந்தயக் குதிரைகள் லாரியில் ஏறச் சண்டித்தனம் செய்வது குறைவு, வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கியவை. ஆனால் பல குதிரைகளுக்கு வண்டி என்றாலே பந்தயம்தான். புது இடத்தில் இறங்கியதும் வேர்த்துக் கொட்டும், கழுத்தை உயர்த்திக் கனைக்கும், கொட்டடியில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், சாப்பிடாது. ஓடத் தயாராகி வந்திருக்கிறது, ஓட்டம் எதுவும் நடக்கவில்லை, பழகிய முகமும் இல்லை. முதல் நாளே ஊரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவதும், ஒரு சுற்று ஏறிப் பார்க்கலாமே என்பதும் இந்த நேரத்தில் செய்யக் கூடாத காரியம்.

சரி, யாரிடம் கொடுப்பது?

மையங்களுக்கு இதில் ஒரு நெருக்கடி உண்டு, அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு குதிரை போனால்தான் அடுத்தது உள்ளே வர முடியும். வெளியே வரிசை காத்திருக்கிறது. நன்கொடை கொடுப்பவர்கள் இந்த வருடம் எத்தனை குதிரைக்கு இடம் கிடைத்தது என்றுதான் கேட்கிறார்கள். அதனால் ஓரளவு சரியாகத் தெரிகிற ஒருவர் வந்து கேட்டவுடன் கொடுத்துவிடுகிற ஆசை வருவது இயல்பு. ஆனால் அனுப்பிய குதிரைகளின் எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு வருடம் கழித்து அவற்றில் எத்தனை அதே இடத்தில் நல்ல உடம்போடு நிற்கின்றன என்ற கணக்கைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு கையில் இல்லாத மையத்தை நான் முழுசாக நம்ப மாட்டேன்.

குதிரையைப் பார்க்க வருபவர் பொதுவாக அழகைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது என்று கேட்பார். அவர் குதிரையைத் தேர்ந்தெடுக்கிறார் என்று நினைக்கிறார், உண்மையில் மையம்தான் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருடைய எடை என்ன, இதற்கு முன் எந்த மாதிரிக் குதிரை ஏறியிருக்கிறார், இளம் தோரோபிரெட் ஒன்றை ஏற்கெனவே கையாண்டிருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வர முடியும், அவர் வராத நாளில் யார் பார்த்துக்கொள்வார்கள், வேலி எதனால் ஆனது, இன்னொரு குதிரை இருக்கிறதா, கூப்பிட்டால் வரும் குதிரை மருத்துவரும் லாடம் அடிப்பவரும் பக்கத்தில் உண்டா. இதையெல்லாம் போனில் கேட்டால் எல்லோரும் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்கள், அதனால் இடத்தை நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் பிராணிகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். குளம்புகள் நீண்டு வெடித்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா, விலாவைத் தடவினால் எலும்பு எவ்வளவு தட்டுப்படுகிறது. உடல் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெக் அளவுகோல் 1983இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 5 என்றால் விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்பார்வையில் நன்றாகத்தான் இருக்கிறது என்பதைவிட இப்படி ஒரு எண் எழுதிவைப்பது பின்னால் ஒப்பிட உதவும்.

அந்த நபரும் ஒரு தடவைக்கு மேல் வர வேண்டும். முதல் தடவை குதிரையைத் தரையில் கையாளட்டும்: கயிறு போட்டுக் கூட்டிப் போகட்டும், குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யட்டும், தேய்த்து விடட்டும். ஏறுவது அப்புறம். முதலில் மையத்தின் ஆள் ஏறிக் காட்டி, பிறகு வந்தவர் ஏற வேண்டும், முடிந்தால் வெவ்வேறு நாளில், ஒரு நாள் காற்றடிக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. குதிரை துள்ளும்போது அவர் கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் போதும்.

இலவசமாகக் கொடுப்பது பற்றிப் பலருக்கு நல்லெண்ணம் உண்டு, காசு வாங்குவது தர்மமில்லை என்று. நான் இதை ஏற்கவில்லை. சும்மா கிடைக்கும் குதிரைக்குத்தான் வாங்கி விற்கும் தரகர்களும் இறைச்சிக்கு எடைபோட்டு எடுப்பவர்களும் முதலில் வருவார்கள், யோசிக்காமல் ஆசைப்படுகிறவர்களும் அப்படியே. ஒரு நியாயமான தொகை வைத்தால் அது முதல் சல்லடை. அதைக் கொடுக்கத் தயங்குபவருக்கு மாதாமாதம் ஆகும் தீவனம், லாடம், மருத்துவர் செலவு கட்டுப்படியாகாது, ஏனென்றால் குதிரை வாங்கும் காசு பெரும்பாலும் குதிரை வளர்க்கும் காசை விடச் சின்னது.

மருத்துவப் பரிசோதனையை வாங்குபவரின் சொந்தக் கால்நடை மருத்துவர் செய்யட்டும். இதயம், கண், பல், முதுகு பார்ப்பார்கள். காலை மடக்கிச் சற்று நேரம் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டு நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள், கெட்டித் தரையிலும் மண்ணிலும் வட்டமாக ஓடவிடுவார்கள். வலிநிவாரணியோ மயக்க மருந்தோ கொடுத்து நல்லவிதமாகக் காட்டியிருக்கிறார்களா என்று பின்னால் சோதிக்க ரத்தம் எடுத்து வைப்பதும் உண்டு. நேர்மையான மையம் இதற்குக் கோபப்படாது, தானே பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கும். முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசுவது இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுகிற ஒன்று, எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் எல்லாக் குதிரைக்கும் வலிப்பதில்லை. படத்தைப் பார்த்தே பயந்து ஓடவும் வேண்டாம், படத்தை மறைக்கவும் வேண்டாம்.

குதிரையைப் பற்றி எழுதிக் கொடுக்கும் குறிப்புதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி, ஏனென்றால் அங்கேதான் மையத்தின் மனசாட்சி தெரியும். அன்பானது, புத்திசாலி, எல்லோருக்கும் ஏற்றது என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. இடது முன்னங்காலில் பழைய தசைநாண் காயம், வேகமான சவாரிக்கு வேண்டாம். இரவில் தனியாக அடைத்தால் தலையாட்டும், பக்கத்தில் இன்னொரு குதிரை தெரிந்தால் ஆட்டாது. மழைக்கோட்டு சலசலத்தால் பக்கவாட்டில் பாயும். லாடம் அடிக்கும்போது பின் வலது காலை உதறும், ஆள் பழகினால் விடும். அடர்தீவனம் கூடினால் கையில் நிற்காது. இப்படி எழுதினால் பத்துப் பேரில் ஏழு பேர் போய்விடுவார்கள், போகட்டும். மிச்சம் மூன்று பேரோடு பேசலாம்.

அடுத்தது ஒப்பந்தம், இதில் இரண்டு வழி இருக்கிறது. உரிமையை மையமே வைத்துக்கொண்டு குதிரையை மட்டும் கடனாகக் கொடுப்பது ஒன்று, முழுசாக விற்றுவிடுவது இன்னொன்று. விற்கும்போதும் பந்தயத்தில் ஓடவிடக் கூடாது, இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது, எங்களைக் கேட்காமல் வேறு கைக்குக் கொடுக்கக் கூடாது, கொடுப்பதாக இருந்தால் முதலில் எங்களுக்குத்தான் என்று ஷரத்து எழுதலாம். ஆனால் வாங்கியவர் அதை மீறி மூன்றாவது ஆளுக்கு விற்றுவிட்டால் அந்த மூன்றாவது ஆளைப் பொதுவாக அந்தத் தாள் கட்டுப்படுத்தாது, முதல் ஆள் மேல் வழக்குப் போட்டாலும் குதிரை திரும்பி வருவது சந்தேகம். கடனாகக் கொடுத்தால் குதிரை சட்டப்படி மையத்தின் சொத்தாகவே இருக்கும், பொதுவாக எங்கே இருந்தாலும் கேட்டு வாங்கலாம். அதன் சுமையும் சின்னதில்லை: ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகும் குதிரைகளுக்கு இருபது வருடம் பொறுப்பேற்க வேண்டும், அது யாரையாவது உதைத்தால் காப்பீட்டுக் கேள்வி வரும், மையமே மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் ஒரு வருடம் கடன், சரியாகப் போனால் அப்புறம் உரிமை மாற்றம். எந்த வழியாக இருந்தாலும் மைக்ரோசிப் எண், அடையாளப் புத்தகம், பந்தயப் பதிவிலிருந்து நீக்கியதற்கான தாள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், பல வருடம் கழித்து வழிதவறிய குதிரையைக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் பிடி.

போன பிறகு முதல் சில வாரம். மையத்தில் சாப்பிட்ட அதே தீவனத்தைக் கொஞ்சம் கூடவே கொடுத்தனுப்பி, பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகப் புதியதற்கு மாற்ற வேண்டும். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள்தான் நாரைச் செரிக்கின்றன, தீனி திடீரென்று மாறினால் அவை குலைந்து குதிரைக்கு வயிற்று வலி வரும். நமக்கு வருவது போல ஒரு நாளில் சரியாகிவிடும் வலி இல்லை, உயிரையே எடுக்கக் கூடியது. ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஈரம் கழித்த கணக்கில் நாளுக்கு ஏழரை முதல் பத்து கிலோ வரை புல் வேண்டும், தண்ணீர் இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாது, வெயிலில் அதற்கு இரண்டு மடங்கு. வேலை குறைந்துவிட்டது, ஓட்டம் இல்லை, அடர்தீவனத்தைப் பழைய அளவில் கொட்டினால் எரிக்க வழியில்லாமல் அது துள்ளலாகத்தான் வெளியே வரும். இந்த இனம் சீக்கிரம் இளைக்கும், குளிரில் இன்னும் சீக்கிரம், அதனால் இளைத்தவுடனே தானியத்தைக் கூட்டாமல் முதலில் புல்லைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

புதிதாக வந்ததை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வைப்பது தொற்றுக்காக, ஆனால் கண்ணுக்கு இன்னொரு குதிரை தெரிய வேண்டும். பிறகு சாதுவான ஒரே ஒரு துணையோடு சின்ன வெளியில் விட்டு, அப்புறம் பெரிய வெளி. சில பந்தயக் குதிரைகள் குட்டிப் பருவத்துக்குப் பிறகு கூட்டத்தோடு சுதந்திரமாக நின்றதே இல்லை, மற்றக் குதிரை காதை மடக்கி விலகு என்று சொல்வதைக் கவனிக்காமல் நேராகப் போய் உதை வாங்கும். திறந்த வெளியைக் கண்டதும் வேலி இருப்பதையே மறந்து பாய்ந்து ஓடும், அதனால் முதலில் கையில் பிடித்து வேலியோரமாக நடத்திக் காட்ட வேண்டும். நேரம் மாறக் கூடாது. மணி பார்த்து வாழ்ந்த பிராணி அது, காலைத் தீனி தாமதமானால்கூடக் கதவை உதைக்கும்.

மையத்திலிருந்து ஒருவர் முதல் வாரம் தினமும் போன் செய்ய வேண்டும், மாதத்துக்குள் நேரில் போக வேண்டும், ஆறாவது மாதமும் ஒரு வருடத்திலும் மறுபடி. பல தோல்விகள் முதல் தடவை கீழே விழுந்த பிறகுதான் தொடங்குகின்றன. விழுந்தவர் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், ஏறுவதை நிறுத்திவிடுவார், குதிரை சும்மா நின்று நின்று இன்னும் துள்ளும், பயம் கூடும், யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா என்று ரகசியமாகக் கேட்க ஆரம்பிப்பார். அந்த வெட்கம் வருவதற்கு முன்னால் நாம் அங்கே இருக்க வேண்டும். குற்றம் சொல்லாமல், வாருங்கள், ஒரு வாரம் எங்கள் ஆள் வந்து ஏறித் தருவார் என்று சொன்னாலே பாதிக் குதிரைகள் அந்த வீட்டிலேயே தங்கிவிடும்.

எல்லாக் குதிரையையும் ஏற முடியாது என்பதும் உண்மை. இன்னொரு குதிரைக்குத் துணையாக மேய மட்டும் தகுதியானவை உண்டு, அதற்கென்றே குதிரை கேட்கும் வீடுகளும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஏறாத குதிரையும் அதே அளவுதான் சாப்பிடும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க வேண்டும், பல் ராவ வேண்டும். ஒரு வருடம் கழித்து இது எதற்கு என்ற கேள்வி அந்த வீட்டில் எழுமா என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இன்னும் சில குதிரைகளுக்கு வலி தீரவே தீராது, அல்லது மனிதரைப் பார்த்த பயம் ஆபத்தாகவே இருக்கும். அவற்றை ஏதாவது ஒரு வீட்டில் தள்ளிவிட்டுக் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்வதைவிட, தெரிந்த லாயத்தில், தெரிந்த கை பிடித்திருக்க, மருத்துவர் ஊசி போட்டு அமைதியாக முடித்துவைப்பது கருணை. இதைச் சொல்லும்போது மனசு கனக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட்டால் அந்தக் குதிரைகள் ஃபெர்டினான்ட் போன வழியில்தான் போகும்.

எந்தக் காரணத்துக்காகவும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பல மையங்கள் எழுதிக் கொடுக்கின்றன. ஆனால் ஒருவர் கூப்பிட்டு, எனக்கு வேலை போய்விட்டது, இந்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது, இடமில்லை, மூன்று மாதம் பொறுங்கள் என்று பதில் வந்தால் அவர் மூன்று மாதம் பொறுக்க மாட்டார், முதலில் கிடைக்கும் ஆளிடம் கொடுத்துவிடுவார். அதனால் வாக்குக் கொடுக்கிற மையம் எப்போதும் ஒரு கொட்டடியைக் காலியாக வைத்திருக்க வேண்டும், வெளியே எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும். அந்தக் காலி இடத்துக்கு ஆகும் செலவை யாரும் நன்கொடையாகக் கொடுக்க முன்வருவதில்லை, போட்டோ எடுத்துப் போட அதில் குதிரை இருக்காது. நீங்கள் ஒரு மையத்துக்கு உதவ நினைத்தால் இந்தக் கொட்டடியைப் பற்றிக் கேளுங்கள், முடிந்தால் அதன் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.